கால்சியம் ரியாக்டரும் செத்த பவளமும்

சொல்ல வந்தவை மூன்று:
1. ரியாக்டர் பொருத்தினேன்.
2. பவளம் செத்தது.
3. மனைவிக்கு இது தெரியாது.

படுக்கையிலிருக்கும் அவளுக்கு எதிரே உள்ள கடல்நீர்த் தொட்டிதான் பொழுதுபோக்கு. அதிலுள்ள பவளத்துக்குக் கரியமில வாயுவால் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொடுக்கத்தான் ரியாக்டர். நேற்று கடிகாரம் பார்த்து, குமிழிகளை எண்ணி, கேஸைத் திறந்துவிட்டேன். இன்று காலையில் பவளம் வெளுத்துக் கிடந்தது.

சிலிண்டர் கொடுத்த கம்பம் சோடாக் கடை பாயிடம் சொன்னேன்.

"என்னா சார், சோடாவுக்கே பாத்துப் பாத்துத்தான் கேஸ் ஏத்துறோம். உசுருக்கு மொத நாளே இம்புட்டா?"

வீடு திரும்பியதும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, "பல்பு போயிருச்சு" என்றேன்.

"பல்பு நல்லாத்தான் இருக்கு. வெள்ளென முழிச்சு, அது வெளுக்குறதப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். ஒங்களுக்கு மனசு தாங்காதுன்னு சொல்லல."

ஆக, மேலே எழுதியதில் மூன்றாவது வரி தவறு. அழித்துவிடவா, இருக்கட்டுமா?