சூசைமாணிக்கத்தின் ஜெபமாலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் ஆவூரில் சூசைமாணிக்கத்தைப் போல ஜெபமாலையும் கையுமாக இருந்த சம்சாரி வேறு யாருமில்லை. வயலைக்கூடக் கூலியாளிடம் விட்டுவிட்டு, வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மணி உருட்டினார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவரை மெச்சினார். உண்மையில் மனுஷன் ஒரு மந்திரமும் சொல்லவில்லை. மனைவி அருளம்மாள் கொல்லைப் பக்கம் ஒதுங்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மணி தள்ளினார்.

கொல்லைக்கு அப்பால் சோலையப்பனின் கிணறு. சோலையப்பனுக்குச் சுருட்டை முடி, புது சைக்கிள், பாடவும் வரும். இது போதாதா? அருளம்மாள் பூசை நடுவில் எழுந்து போவாள், உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் போவாள். கேட்டால் அடிவயிறு எரிகிறது என்பாள். புதுக்கோட்டையில் இரண்டு டாக்டர்கள் மூத்திரத்தைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாதவளுக்கு அங்கிட்டு என்ன வேலை? எரிந்தது என்னவோ சூசைமாணிக்கத்தின் வயிறுதான். சைக்கிள் மணி கேட்டாலே பல்லைக் கடித்தார்.

ஒருநாள் மூத்திரம் ரத்தமாகப் போய் அவள் சுருண்டு விழுந்தாள். பதறிப்போய்த் திருச்சிக்கு பஸ் ஏற்றினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"யாருங்கம்மா எண்ணுனா?" என்றாள் அருளம்மாள்.

"முப்பத்தெட்டு" என்று சூசைமாணிக்கம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "திங்கக்கெழம நாப்பத்தொண்ணு."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை தடவை போயும் மூத்திரத்தில் கிருமி இல்லையென்றால் உள்ளேதான் பார்க்க வேண்டும் என்றார். மயக்கம் கொடுத்து, விளக்கு வைத்த குழாயை மூத்திரப்பைக்குள் விட்டுப் பார்த்தார். சுவரெல்லாம் அழன்று, நடுவில் ஒரு புண். அபூர்வமான நோய். புண்ணைச் சுட்டு, சுருங்கிய பையில் நீர் நிரப்பி விரித்து, வாராவாரம் மருந்து விட்டுக் கழுவினார்.

"அடியோட போகாது, அடங்கும். ஒங்க வீட்டுக்காரர் எண்ணி வச்சதாலதான் புடிபட்டுச்சு."

"எனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டே எண்ணியிருக்காருங்கம்மா" என்று அருளம்மாள் வார்டு முழுக்கச் சொல்லிப் பூரித்தாள். சூசைமாணிக்கம் தலை குனிந்து நின்றார்.

கணக்கு பதினொன்றுக்கு இறங்கியபின் ஊர் திரும்பினார்கள். விராலிமலையில் பஸ் நின்றது. ஜன்னலோரம் மணியடித்துக்கொண்டு சோலையப்பனின் சைக்கிள் கடந்து போனது. சூசைமாணிக்கத்தின் விரல் தானாக ஒரு மணியைத் தள்ளியது.

அருளம்மாள் அந்த விரலைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். முகத்தில் இருந்த பூரிப்பு வடிந்துபோனது.

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன். இப்ப எதுக்கு மணி தள்ளுனீங்க?"

அவள் ஜெபமாலையை அவர் கையிலிருந்து உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நானே எண்ணிக்கிறேன்."