சித்தி எந்தக் காலில் ஆரம்பித்தாள்

மாடியில் சித்தி ஆடினால் கீழே எங்கள் சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மண்ணூர்பேட்டையில், தொழிற்பேட்டையை ஒட்டிய வீடு எங்களுடையது. பகல் முழுக்க ஏதாவதொரு பிரஸ் மெஷின் எங்கேயோ இடித்துக்கொண்டே இருக்கும். அது எங்கள் காதுக்குப் பழகிப்பழகி மௌனம் மாதிரி ஆகிவிட்டது. சித்தியின் கால் சத்தம் மட்டும் பழகவில்லை. அந்தக் கோடையில் அது விடியலிலும் கேட்டது, வெயில் உச்சியிலும் கேட்டது, சோற்றுக்கு நடுவிலும் கேட்டது. அம்மா கரண்டியைப் பிடித்தபடி அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பாள். விசில் வரப்போகிற குக்கரின் பக்கத்தில் நிற்பதுபோல் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஒரு கல்லூரியில் நாட்டியம் சொல்லிக்கொடுத்தாள். பெயர் கௌரவ விரிவுரையாளர், சம்பளம் மணிக்கணக்கில். கல்லூரி திறந்தால் கூப்பிடுவார்கள், பரீட்சை முடிந்தால் மறந்துவிடுவார்கள். பல வருடங்களாக இப்படித்தான். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் நாட்டியத் துறைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கிறார்கள். இருப்பது ஒரே இடம். சித்திக்கு வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. கிடைக்கவில்லை என்றால் நாட்டியத்தை மூட்டை கட்டிவிட்டு, சித்தப்பா வேலை செய்யும் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்துவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள். சித்தப்பா வற்புறுத்தவில்லை. சூப்பர்வைசர் காதில் ஒரு வார்த்தை போட்டுவைத்திருந்தார், அவ்வளவுதான்.

வயது வரம்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். வயது என்ற ஒன்று சித்தியைப் பிடிக்கத் துரத்தி வருகிறது, அவள் அதற்கு அகப்படாமல் மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதனால் அந்தக் கால் சத்தம் நின்றால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் சித்திக்கு முன்னால் ஆடியவர்கள் கிடையாது. என் தாத்தா இந்த இடத்தில் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் யாரோ ஒருவரின் நெல்லை அறுத்தவர். பிறகு அதே மண்ணில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றவர். அவருடைய இளைய மகளான சித்தி பள்ளிக்கூடத்து மாலை நேர இலவச வகுப்பில் கால் தட்ட ஆரம்பித்து, இசைக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, ஆடுகிறவருக்குத் தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கத்துக்குத் தனியாகப் படித்து, பிறகு எம்.ஏ., எம்.பில். என்று போய்க்கொண்டே இருந்தாள். ஆட்டத்துக்குள் இத்தனை பரீட்சை இருக்கிறது என்பதே அவள் ஒவ்வொன்றாகத் தேறியபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அரங்கேற்றம் என்று சபாவெல்லாம் பிடிக்கவில்லை. கரையான்சாவடிப் பக்கத்தில் ஒரு அம்மன் கோவில் ஆடித் திருவிழாவில், பட்டிமன்றத்துக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் ஆடினாள். அன்று மைக் செட்டு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றவர்தான் பிற்பாடு என் சித்தப்பா.

நேர்காணலில் ஆடிக் காட்ட வேண்டும், நட்டுவாங்கம் செய்து காட்ட வேண்டும், வகுப்பு எடுத்தும் காட்ட வேண்டும். வகுப்பெடுத்துப் பழக ஒரு வகுப்பு வேண்டுமே. அந்த வகுப்பு நான்தான். மாடி வீட்டுக் கூடத்தில், ஈரத் துணி காயும் கொடிக்குக் கீழே, ஒரே ஒரு மாணவியோடு ஒரு பல்கலைக்கழகம் நடந்தது.

"காலப் பாக்காத. என்னப் பாரு. நான் எப்படிப் போடறனோ அப்படியே போடு."

சித்தி எனக்கு எதிரே அரைமண்டியில் உட்காருவாள். நானும் முழங்காலை விரித்து உட்காருவேன். தொடை எரியும். தையா தை என்று அவள் கால் விழும். அதற்கு நேர் எதிரே என் கால் விழும். நடுவில் நிலைக்கண்ணாடி ஒன்று நிற்பதுபோல இருக்கும். எனக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. கொஞ்சம் பிசகினால்கூடத் தாளம் தட்டும் தட்டுக்கழி தரையில் படாரென்று இறங்கும். "மறுபடி" என்பாள். தப்பை ஒரு நொடி கூடப் பொறுக்க மாட்டாள். சரியாகப் போட்டுவிட்டால் அவள் முகம் திறந்துகொள்ளும். அந்த முகத்துக்காக நான் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடை எரிய நிற்பேன்.

ஷிப்டு முடிந்து வரும் சித்தப்பா படியிலேயே உட்கார்ந்துகொள்வார்.

"இன்னாமே, அங்க ஆபீசருங்க முன்னாடி இந்தக் குட்டிய வெச்சுத்தான் க்ளாஸ் எடுக்கப் போறியா?"

"அவங்களே பசங்களத் தருவாங்க. ஆனா இவளும் வரணும்."

"இவ எதுக்கு?"

"இவ மூஞ்சியப் பாத்தா எனக்கு நடுக்கம் நிக்குதுயா."

"அப்போ நான் ஒருத்தன் கீறனே, என் மூஞ்சி?"

"உன் மூஞ்சியப் பாத்தா பேக்கிங் செக்‌ஷன் ஞாபகம் வருது."

சித்தப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்ததுபோல, குனிந்து சலங்கை வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் விரல்கள் தொடையில் தாளம் எண்ணிக்கொண்டிருந்தன. "ஏண்டி, ஒரு வாய் சாப்பிட்டுட்டு எண்ணேன்" என்று அம்மா தட்டோடு பின்னாலேயே அலைந்தாள். பள்ளிக்கூடம் லீவு, எனக்கு எந்தப் பரீட்சையும் இல்லை, ஆனாலும் தூக்கத்தில் என் கால் தாளம் தட்டியது என்று அம்மா சொன்னாள்.

நேர்காணல் அன்று பட்டரவாக்கத்தில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் பட்டுப் புடவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மல்லிகை வாசனையும் பான்கேக் மேக்கப் வாசனையும் கலந்து எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த பெண்மணி மிக இனிமையாகச் சித்தியைக் கேட்டார்.

"உங்க குரு யாரு?"

சித்தி இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் பெயரைச் சொன்னாள்.

"ஓ... காலேஜா" என்று சொல்லி அவர் தன் ஆடையின் விசிறி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

சித்தப்பா என் காதில் முணுமுணுத்தார். "இன்னா காலேஜா? காலேஜு வேலைக்குத்தான அல்லாரும் வந்துகினு கீறாங்க?"

சித்தி கேட்காததுபோல் இருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தவள் நாலடி போய்த் திரும்பி வந்து என் முன் குனிந்தாள்.

"அந்தப் பக்கமா சுத்திப் போனா ஜன்னல் இருக்கும் கண்ணு. எனக்குத் தெரியற மாதிரி நில்லு. போயிடாத."

சுற்றிக்கொண்டு ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தேர்வுக் குழுவினரின் முதுகுகள் தெரிந்தன. ஒரு வழுக்கைத் தலை, வெள்ளைக் கொண்டை போட்ட ஒரு அம்மாள், இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கு அப்பால், பெரிய வெற்றுத் தரையின் நடுவில், சித்தி. அத்தனை சின்னவளாக அவளை நான் பார்த்ததே இல்லை.

பூமியைத் தொட்டு வணங்கினாள். விரல் நுனி நடுங்கியது இங்கிருந்தே தெரிந்தது. நட்டுவாங்கம் செய்ய ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் தாளத்தைக் கையில் எடுத்தார். சித்தியின் கண் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடியது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்து முகத்தை உள்ளே நுழைத்தேன். அவள் கண் என்னிடம் வந்து நின்றது. அவ்வளவுதான், முகம் திறந்துகொண்டது. நடுக்கம் போய்விட்டது. கொடியில் துணி காயும் கூடத்தில் பார்க்கும் அதே முகம்.

அரைமண்டியில் உட்கார்ந்தாள். சொற்கட்டு விழுந்தது, கூடவே காலும் விழுந்தது. கணீரென்று, தரையே பதில் சொன்னதுபோல. தொட்டி விளிம்பில் என் வலது கால் தானாகத் துள்ளியது. அவள் கால் அதற்கு நேர் எதிரே, மிகச் சரியாக.

வழுக்கைத் தலை நிமிர்ந்தது. அவர் கை மெல்ல மேலே எழுந்தது. அதற்குள் யாரோ என் தோளைப் பிடித்தார்கள்.

"ஏ பாப்பா, எறங்கு! தொட்டி மேல ஏறிக்கினு இன்னா வேடிக்க? உயுந்தா யாரு பதில் சொல்றது?"

அட்டெண்டர். இறங்கி ஓடினேன். டீக்கடையில் நின்ற சித்தப்பாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்: "சித்தி சூப்பரா ஆடறாங்க!" அவர் முகத்தில் சட்டென்று வெளிச்சம். எனக்கொரு பட்டர் பன் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்று முடித்தபோது சித்தி வந்தாள். சலங்கைப் பையை மார்போடு அணைத்திருந்தாள். "போலாம்" என்றாள்.

திரும்பும் ரயில் பெரம்பூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எடது கால்ல ஆரம்பிச்சிட்டேன்யா."

"அதனால இன்னா? ரெண்டும் உன் காலுதான?"

"வலதுலதான் ஆரம்பிக்கணும். சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

அவளே தொடர்ந்தாள்.

"பசங்களுக்கு எதிர்ல நின்னு சொல்லித் தரும்போது நான் மாத்திப் போடணும். அவங்க வலதுக்கு நான் எடது. அப்பதான் என்னப் பாத்து அவங்க சரியாப் போடுவாங்க. இத்தினி வருஷமா அப்படியே போட்டுப் போட்டு... ஒடம்பு க்ளாஸுன்னு நெனச்சிக்கிச்சு."

"அத்த சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். அந்தக் கொண்ட போட்டம்மா, எனக்கும் இப்படி ஆவும்மான்னு சிரிச்சாங்க. வழுக்கையா இருந்தவரு, வலது எடது தெரியாதவங்கள எப்படி மேடம் டீச்சராப் போடறதுன்னாரு. மறுபடி ஆடச் சொன்னாங்க. ஆடினேன். ஒவ்வொரு அடிக்கும் காலப் பாத்துப் பாத்து, சாவி குடுத்த பொம்ம மாதிரி."

"க்ளாஸ் எடுத்துக் காட்டினியா? அதுலதான் நீ கில்லாடியாச்சே?"

"அதுக்குள்ள டைம் ஆயிடுச்சுன்னுட்டாங்க."

ரயில் வில்லிவாக்கத்தில் நின்று கிளம்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர்கள் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு அழப் போகிறார்கள். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இல்ல சித்தி! வலதுலதான் ஆரம்பிச்சீங்க. நான் பாத்தேன்."

நான் இருக்கையிலிருந்து இறங்கி, ஆடும் ரயிலில் அரைமண்டி போட்டு, வலது காலைத் தூக்கி ஓங்கித் தட்டினேன். எதிர் இருக்கைப் பூக்காரம்மா கூடையை அவசரமாக இழுத்துக்கொண்டு, "அடி ஆத்தி, ரயிலு ஒடஞ்சிடப் போவுது" என்றாள்.

"இந்தக் கால்தான். எனக்கு நேரா இந்தப் பக்கந்தான் உங்க கால் வந்துச்சு."

சித்தி என் காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சித்தப்பாவிடம், "எவ்ளோ சுத்தமாப் போடறா பாரு" என்றாள்.

"மொதல்ல பயந்துட்டே இருந்தீங்க. என்னப் பாத்தீங்க இல்ல, அப்பதான் பயமே போச்சு" என்றேன்.

சித்தப்பா முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தண்டவாளமும் கருவேலமும்தான். சித்தி என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். பட்டரவாக்கம் வரும்வரை இறக்கிவிடவே இல்லை.

வேலை வேறொருவருக்குப் போனது. கல்லூரிகள் திறந்த மாதத்தில் சித்தி டிபன் பாக்ஸோடு சித்தப்பாவின் பக்கத்தில் நடந்து கம்பெனி கேட்டுக்குள் போனாள். டம்ளர்கள் அலமாரியில் அசையாமல் இருந்தன. அம்மா மட்டும் சில நாட்கள் பழக்கதோஷத்தில் உத்தரத்தைப் பார்த்தாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் நான் தெருவுக்கே ராணி. அம்மாவிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், குழாயடியில் நின்றவர்களுக்கெல்லாம் வலது காலைத் தட்டிக் காட்டிச் சொன்னேன்: சித்தி நடுங்கினாள், ஜன்னலில் என்னைப் பார்த்தாள், உடனே நடுக்கம் போய் ஆடினாள், எல்லாம் என்னால்தான். சித்தி மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாணவி பிசகினால் ஒரு நொடி பொறுக்காதவள், அன்று முழுவதும் என்னை ஒருமுறைகூடத் திருத்தவில்லை. நான் சொன்னது அத்தனையும் சரி, அதனால்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பலமாகக் காலைத் தட்டினேன்.