அம்மன் வந்த ஒரே செவ்வாய்க்கிழமை

அம்மனை நம்பியிருக்கும் என் சொந்தங்களுக்கு, ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே சொந்த விவசாயக் காட்டில் குடியிருக்கும் பாவாயி எழுதுவது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், விஷயம் நிஜம்.

போன வருஷம் ஐப்பசியில் என் மகன் செந்தில் ஓட்டிப்போன லாரி நாக்பூர் தாண்டிக் கவிழ்ந்துவிட்டது. காலையில் நான் பால் கறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கேட்டேன். மீதிப் பாலையும் கறந்து, பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்துதான் மருமகளிடம் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. காலில் கம்பி வைத்து அவன் வீடு வந்து சேர்ந்தான். அப்போதும் நான் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று ஊரில் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சித்திரையில் அவன் மறுபடி வண்டி ஏறினான். நன்றாக இருந்தான். அதற்குப் பிறகுதான் என் உடம்பு படுத்த ஆரம்பித்தது.

போன் மணி அடித்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். மூச்சு மேலேயே நிற்கும், கீழே இறங்காது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும், பிறகு கை மரத்துவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதோ செத்தேன் என்று இருக்கும். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மற்ற நேரத்தில் எதுவுமே தெரியாது. சோற்றில் ருசி இல்லை. மாடு கிடாரிக் கன்று போட்டது, அதையும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் போனபின் பன்னிரண்டு வருஷமாகத் தனியாகக் காட்டைப் பார்த்தவள், பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆடி முதல் செவ்வாய். மாரியம்மன் கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவரின் போன் பாடியது. என் போனில் வரும் அதே பாட்டு. அவ்வளவுதான். கைகால் நடுங்கி, மூச்சு வாங்கி, தூணைப் பிடித்துக்கொண்டேன். யாரோ தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள். பாவாயக்கா மேல் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று பேச்சு எழுந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்தவள் என்பதைவிட அம்மன் வந்தவள் என்பது எனக்கு மரியாதையாக இருந்தது. அடுத்த செவ்வாய் பம்பைச் சத்தம் கேட்டதுமே உடம்பு தானாக நடுங்கியது. என்னைவிட மூத்தவர்கள் காலில் விழுந்து வாக்குக் கேட்டார்கள். தலையை ஆட்டித் திருநீறு கொடுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கல்லாக நின்றேன்.

மூன்றாம் செவ்வாய்க்கு முந்தின நாள், பக்கத்துக் காட்டுச் சரோஜா சொசைட்டியில் என்னிடம் வந்தாள். அவள் வீட்டுக்காரர் ராமசாமிக்கு நாலு எட்டு நடந்தால் நெஞ்சை அடைக்கிறது. சேலத்து டாக்டர் உடனே வந்து சேரச் சொல்லியிருக்கிறார். இவர் மாட்டேன் என்கிறாராம். பாவாயக்கா மேல் வருகிற ஆத்தா சொல்லட்டும், திருநீறு போதும் என்றால் அதுவே போதும் என்கிறாராம். நாளைக்கு அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய் காலை மாடுகளுக்கு நடுவில் நின்றபடியே வேண்டினேன். தாயே, நீ என் மேல் வரவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போகாமல் இருந்துவிடலாம். போகாவிட்டால் அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். என் மானம் போனால் போகட்டும், இன்றைக்கு என் வாயில் நிஜத்தைக் கொண்டுவா. அம்மனிடம் நான் இறங்கிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பம்பை அடித்தது. உடம்பு நடுங்கியது. சரோஜா அவரோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“தாயி, எங்கூட்டுக்காரரை ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போறதுங்களா, வேண்டாமுங்களா? நீ சொன்னாத்தான் கேப்பாரு.”

நாக்கு ஒட்டிக் கிடந்தது. பேச்சு வராது என்றுதான் நினைத்தேன். வந்தது.

“சரோஜா, இது ஆத்தா இல்ல கண்ணு. பாவாயிதான். எனக்குப் பயம். செந்திலு வண்டி கவுந்ததுல இருந்து பயம். அதுலதான் ஒடம்பு நடுங்குது. என்னையக் கேக்காத. இன்னைக்கே அவரைக் கூட்டீட்டுப் போ.”

பம்பை நின்றுவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ராமசாமி மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். “இன்னைக்கேன்னு சொல்லீட்டா. கெளம்பு சரோஜா” என்றார்.

“அது நான் சொன்னதுங்க” என்றேன்.

“நீங்க என்னைக்கக்கா பயம்னு சொல்லியிருக்கறீங்க? ஆத்தாதான்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாளே அவருக்கு ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆள் மிஞ்சியிருக்கமாட்டார் என்றார்களாம்.

என் மருமகள் அன்று என்னோடு பேசவில்லை. இத்தனை நாள் நான் சொல்லாமல் இருந்த கோபம். அடுத்த நாள் அவளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள், ரத்தமும் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு நெஞ்சை வேகமாக அடிக்கவைக்குமாம். மூச்சை வேகவேகமாக வாங்குவதால்தான் விரல் மரத்துப்போகிறதாம். ஆபத்து போய்விட்டது என்பது என் உடம்புக்கு இன்னும் தெரியவில்லையாம். மாத்திரை கொடுத்தார், நானாக நிறுத்தக்கூடாது என்றார். மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்கினார். பால் கறப்பது போலத்தான் அது. அவசரப்பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும், நிதானமாக இழுத்தால் இறங்கும். என் மூச்சும் அப்படித்தான் இறங்கியது.

மகனுக்கு நானே போன் போட்டேன். நீ வண்டி எடுத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது சாமி என்றேன்.

“எனக்குந்தாம்மா” என்றான்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அழுகை இன்னும் வரவில்லை. போன வாரம் கன்று என் கையை நக்கியது. அந்த நாக்கின் சொரசொரப்பு தெரிந்தது. வெகு நேரம் கையை எடுக்காமல் நின்றிருந்தேன்.

கோயிலுக்கு இப்போதும் போகிறேன். நடுங்கினால் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால் அம்மனிடம் தைரியம் கேட்காதீர்கள். பயம் என்று சொல்ல வாய் கேளுங்கள். கொடுப்பாள். கொடுத்த வாயால் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அன்று பேசியது ஆத்தாதான் என்று ராமசாமி இன்றைக்கும் சொல்கிறார். முதலில் மறுத்துப் பார்த்தேன். இப்போது மறுப்பதில்லை.