இருட்டுப் பக்கக் கோர்ட்

குடவாசலில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் படம் எடுத்தே பழகியதில் எனக்கு ஒரு கெட்ட வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேமராவைக் கண்ணில் வைத்தால் போதும், "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பொங்கல் கபடிப் போட்டியில் முதன்முதலாக நின்ற அன்றும் ரெய்டு போன ஓர் ஆட்டக்காரரைப் பார்த்து அப்படித்தான் சொன்னேன். அவரும் பாவம், பழக்கதோஷத்தில் திரும்பிச் சிரித்தார். அடுத்த நொடி நாலு பேர் அவர் மேல் கிடந்தார்கள். மைக்கில் இருந்தவர், "எதிரணிக்கு ஒரு பாயிண்ட்! எடுத்துக் குடுத்தது நம்ம போட்டோக்கார அக்கா!" என்று அறிவித்தார். மைதானமே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் மைக் செட் ஒயரைப் பிடுங்கியிருப்பேன்.

அந்த வேலையை நான் வலியக் கேட்டு வாங்கியிருந்தேன். காரணம் எங்கள் ஊர்ப் பெண்கள் அணி. ஒவ்வொரு பொங்கலுக்கும் போட்டியின் முதல் நாள் ஆட்டங்கள் முடிந்ததும், மறுநாள் இறுதி ஆட்டத்துக்காகப் பஸ் நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைப்பார்கள். ஆண்கள் அதில் பாய்வார்கள், பறப்பார்கள். பெண்கள் அணி மட்டும் கீழ் மூலையில் பாஸ்போர்ட் சைஸ் முகங்களாக வரிசையாக இருக்கும். அந்த முகங்களை எல்லாம் நீலத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தவளே நான்தான். கேட்டால் கமிட்டித் தலைவர், "அவங்க ஆடுற படம் எதுவும் தெளிவா வரலம்மா" என்பார்.

அணியின் கேப்டன் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காலையில் பஸ் ஏறிப் போய்விட்டு, சாயங்காலம் திரும்பி வந்து பயிற்சி எடுப்பவள். போட்டிக்கு முந்தின வாரம் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அக்கா, நான் ஆடி எங்க மாமியார் வீட்ல ஒருத்தரும் பாத்ததில்ல. இருட்டுல என்னத்த வந்து பாக்குறதுங்குறாங்க. அந்த ஃபிளெக்ஸ்ல பாத்தா ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்த மாதிரி இருக்கேன். இந்த வருஷம் நான் ஆடுற படம் வரணும்க்கா."

"வரும், போ" என்று சொல்லிவிட்டேன். இருட்டில் ஓடுகிற ஆளை அதுவரை நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. வாய்தான் எனக்கு எப்போதும் முன்னால் போகும்.

மைதானத்தில் இரண்டு கோர்ட். ஆண்களுக்கான மெயின் கோர்ட்டைச் சுற்றி நாலு கம்பம், பளீரென்று எல்.இ.டி. விளக்குகள். பெண்களுக்குப் பக்கத்துக் கோர்ட். அதற்குத் தனியாக விளக்கு கிடையாது, மெயின் கோர்ட்டிலிருந்து சிந்துகிற வெளிச்சம்தான். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். எங்கேயும் ஃபிளாஷ் போடக்கூடாது, ரெய்டு போகிறவர் கண் கூசிவிடும். அது நியாயம்தான்.

முதலில் மெயின் கோர்ட்டில் எடுத்தேன். வெளிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக நின்றால், வேறொரு தொல்லை வந்து சேர்ந்தது. மைதானத்தைச் சுற்றி அறுப்புக்குக் காத்திருந்த சம்பா வயல். அதிலிருந்த பச்சைப் பூச்சி அத்தனையும் அந்த நாலு விளக்கைத் தேடி வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் வாயில் பூச்சி, நடுவர் விசிலில் பூச்சி. என் படங்களில் ஆளை மறைத்துக்கொண்டு வெள்ளைப் புள்ளிகள்.

கமிட்டித் தலைவர் கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, அரிசியைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு? ஒம்பது மணிக்குள்ள நன்னிலத்து ஃபிளெக்ஸ் கடைக்குப் படம் அனுப்பணும், அப்பதான் காலையில ஃபிளெக்ஸ் வரும். சரியா வரலைன்னா சொல்லிடு. போன வருஷப் படத்தையே போட்டுடுறேன். நாளைக்குத் தஞ்சாவூர்லேருந்து ஆளக் கூப்புட்டுக்குறேன்."

போன வருஷப் படம் என்றால் மறுபடியும் அந்தக் கீழ் மூலை. எனக்குச் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு இருட்டுப் பக்கக் கோர்ட்டுக்கு நடந்தேன். மைக் செட்காரர் விடுவாரா? "அக்கா, மெயின் கோர்ட்டு இந்தப் பக்கம்! அங்க ஒண்ணும் தெரியாது!"

"எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் அங்கே பூச்சி இல்லை. கொஞ்சம் கண் பழகியதும் இன்னொன்றும் புரிந்தது. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, தாழ்வாக வந்துகொண்டிருந்தது. காலால் கிளப்பிய புழுதி அந்த வெளிச்சத்தில் பொன்னாக நின்றது. ஓர் ஆள் குறுக்கே வந்தால் தோளும் கன்னமும் மட்டும் கோடு போட்டதுபோல் மின்னும், மற்றதெல்லாம் கறுப்பு. என் கல்யாண மண்டபங்களில் ஒருநாளும் எனக்குக் கிடைக்காத வெளிச்சம் அது.

குழந்தைகளை எடுக்க வைத்திருந்த சின்ன லென்ஸை மாட்டினேன். அதுதான் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும், ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நடுக்கோட்டின் முனையில், வெளியே, தரையில் குப்புறப் படுத்தேன். பனி இறங்கியிருந்ததால் முழங்கை ஈரமானது. கேமரா இருட்டில் ஆளைப் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் தவித்தது. சனியனே என்று திட்டி, தானியங்கி ஃபோகஸை நிறுத்தி, நடுக்கோட்டின் மேல் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டேன். ஓடுகிற ஆளை எடுத்தால் மங்கலாகத்தான் வரும். எங்கள் கேப்டன் ஒரு நொடி நிற்க வேண்டும், அதுவும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். எப்போது வருவாள் என்பதுதான் தெரியவில்லை. முதல் பாதி முழுக்க எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கடைசி ரெய்டுக்கு எங்கள் கேப்டன் போனாள். இரண்டு பாயிண்ட் குறைவாக இருந்தோம். எதிர்ப்பக்க இருட்டுக்குள் போனவளை நான் தொலைத்துவிட்டேன். தடதடவென்று சத்தம், மூன்று பேர் அவளை அமுக்குவது மட்டும் நிழலாகத் தெரிந்தது. முடிந்தது என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

எனக்கு மட்டும் காதில் விழுந்தது. கபடி, கபடி, கபடி. மூச்சை விடாமல் அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறாள்! அந்தக் குரல் நகர்ந்தது. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு என் பக்கமாக வந்தது. நான் பார்ப்பதை விட்டுவிட்டு, காதை மட்டும் வைத்துக்கொண்டேன். குரல் தேய்ந்து, இழுத்து, என் முகத்துக்கு நேரே வந்த கணத்தில் அழுத்தினேன். விசில் அடித்தது. அவள் விரல் நுனி நடுக்கோட்டின் மேல் இருந்தது. பிடித்த மூன்று பேரும் அவுட், மூன்று பாயிண்ட், அரையிறுதி எங்களுக்கு!

பெண்கள் கத்திக்கொண்டு அவள் மேல் விழுந்தார்கள். நான் எழுந்திருக்காமலே திரையைப் பார்த்தேன். மண் ஒட்டிய நெற்றி, கோட்டைத் தொட்ட கை, இன்னும் கபடி சொல்லிக்கொண்டிருந்த வாய், பின்னால் பொன் புழுதி. ஒரு மயிரிழைகூட மங்கவில்லை. வெட்கமில்லாமல் அழுதேன்.

தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம கிரவுண்டாம்மா?" என்று கேட்டார். அப்புறம், "இதையே பெருசா போடச் சொல்றேன்" என்றார்.

காலையில் பஸ் நிறுத்தத்தில் அவள் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் நின்றாள். அவள் மாமியார் அங்கே பஸ்ஸுக்கு நிற்காமல், சும்மாவே நின்றுகொண்டிருந்தார். போகிற வருகிறவர்களிடம், "எங்க மருமவதான். கோட்டத் தொடாம விட்டாளா பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஆண்கள் அணிக் கேப்டன் என்னிடம் வந்தார். "அக்கா, எங்களுக்கும் அப்புடி ஒண்ணு எடுத்துக் குடுங்க. அந்தக் கோர்ட்டுலதான் நல்லா வருதாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள், கால் நரம்பை நீவிக்கொண்டிருந்த எங்கள் கேப்டன் நிமிர்ந்தாள். "அதுக்கென்னண்ணே, தாராளமா அங்க போயி ஆடுங்க. இன்னிக்கி நாங்க மெயின் கோர்ட்டுல ஆடிக்குறோம்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர், மெயின் கோர்ட் முன்வரிசை நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அந்த மாமியாரைப் பார்த்தார். பிறகு மைக் செட்காரரிடம் ஏதோ சொன்னார்.

"மெயின் கோர்ட்டில் அடுத்த ஆட்டம், பெண்கள் இறுதிப் போட்டி!"

ஏழு பேரும் ஓடி வந்து அந்த நாலு விளக்குக்கும் நடுவில் நின்றார்கள்.