நிஹாரா வாசித்த பைக்கற்றுகள்

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி, பஸ் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை நெருங்கும்போது செய்தி வந்தது. நிஹாரா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டாராம். அவருடைய ஊரை அப்போதுதான் கடந்திருந்தேன். இறங்கவேண்டும் என்றே தோன்றவில்லை. வெயிலும் கடலும் ஒன்றாகக் கலங்கித் தெரிய, நகரம் வரை போய், அதே பஸ்ஸில் அவர் ஊருக்குத் திரும்பி வந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நிஹாராவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பன்னிரண்டு வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கிளிவெட்டி வயலில் உண்ணி கடித்த பிறகு எனக்கு ஒரு ஒவ்வாமை வந்தது. மாடு, ஆடு, பன்றி எதன் இறைச்சியும் ஆகாது, கொழுப்பும் ஆகாது. அல்பா-கல் என்று டொக்டர் சொன்ன பெயரைக் கேட்டு, ஏதோ கப்பலின் பெயர்போல இருக்கிறது என்று நிஹாரா சிரித்தார். மீனும் கோழியும் இருக்கின்றனதானே என்று நானும் அலட்சியமாக இருந்தேன்.

தனக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று அவர் ஜெலி இனிப்புக் கொண்டுவந்தார். சிறு வயதிலிருந்தே பைக்கற்றைத் திருப்பி, பன்றி கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகியவர். ஹலால் முத்திரை இருக்கிறது, பயமில்லை என்றார். நானும் நம்பிச் சாப்பிட்டேன். அதில் இருந்தது மாட்டு ஜெலற்றின். அவருக்கு ஆகும், எனக்கு நஞ்சு. நாலு மணித்தியாலம் ஒன்றுமில்லை. பின்னேரம் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்ட கண்ணால வாசிச்சிட்டன், கமலா. இனி உங்கட கண்ணால வாசிப்பன்."

அப்படியே வாசித்தார். பிஸ்கட், சூப் தூள், மருந்துக் கூடு எதையும் விடவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, அலுவலக ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கப்பல்கள் அசையாமல் நிற்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பைக்கற்றை முகத்தருகே பிடித்து, மெல்ல ஓதுவதுபோல வாசிப்பார். மா, சீனி, உப்பு, தாவர எண்ணெய்... நான் அரைத்தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். சுவையூட்டி என்ற இடத்தில் குரல் நின்றுவிடும்; எதிலிருந்து எடுத்தது என்று அதில் இருக்காது. கொம்பனிக்கே போன் எடுப்பார். பதில் வராவிட்டால், "தெரியாட்டி வேணாம்" என்று தள்ளி வைப்பார். அந்தக் குரல் கேட்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தேன்.

கல்யாண வீடுகளிலும் எனக்காக அவரே கேட்பார். அன்போடு தருபவரிடம் இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட, வீங்கிக் கிடப்பது மேல் என்று நினைக்கும் பிறவி நான்.

சாவு நடந்த அந்த மையித்து வீட்டில், நிஹாராவின் மகள் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து நீட்டினாள். அழுது சிவந்த கண்கள். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க ஏலவில்லை. பிஸ்கட்டை எடுத்துவிட்டேன், வாய்வரை கொண்டும் போய்விட்டேன்.

"இதின்ர கவர் இருக்கா, மகள்? வாசிக்க வேணும்" என்றேன்.

அவள் குசினிக்குள் போய்க் கிழிந்த கவரைத் தேடி எடுத்து வந்தாள். எழுத்துகள் கண்ணீரில் மிதந்தன. துடைத்துத் துடைத்து, கடைசிச் சொல்வரை வாசித்தேன். மாட்டுக் கொழுப்பு என்று இருந்தது.

தாயை இழந்த பிள்ளையிடம் அன்றைக்கே அப்படிக் கேட்டேனே என்று இப்போதும் கூசுகிறது. ஆனாலும் கேட்டேன். நிஹாரா எனக்கு விட்டுப்போனது கேட்கிற அந்த வாயைத்தான். அவர் இல்லாத முதல் நாளிலேயே, அவர் வீட்டிலேயே, அது என்னைக் காப்பாற்றியது.