கரிக்கோடு

அடுப்புக்கரித் துண்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டுதான் மாரித்தாய் காலையில் கோழிக்கூட்டைத் திறப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கோழிகள், இந்தப் பக்கம் என் கோழிகள். கோழிக்கு வேலி தெரியுமா? என்னுடையவை அவள் வைக்கோலில் போய் முட்டையிடும். அவள் அந்த முட்டைகளை எடுத்து, கரியால் ஒரு சிலுவைக் கோடு போட்டு, வேலிக்கம்பில் தொங்கும் ஓலைப்பெட்டியில் வைத்துவிடுவாள். நாங்கள் வேதக்காரர்கள் என்பதால் எங்கள் முட்டைக்குச் சிலுவை. அவள் முட்டைக்குக் கோடு கிடையாது.

என் வீட்டுக்காரர் நேசையா கால் ஒடிந்து படுத்திருந்த வருஷம் எங்கள் கோழிகள் இறகு உதிர்த்து முட்டையிடாமல் நின்றன. ஆனாலும் ஓலைப்பெட்டியில் சிலுவை போட்ட முட்டை இருந்துகொண்டே இருந்தது. ஆண்டவர் கிருபை என்றுதான் நான் நினைத்தேன். ஒருநாள் வேலியோரம் விறகு பொறுக்கும்போது பார்த்தேன். அவள் தன் கோழியின் அடியிலிருந்து சூட்டோடு ஒரு முட்டையை எடுத்து அதில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது உன் கோழி முட்டை இல்லையா, மாரி?"

"ஒங்க கோழிதான் மைனி. இங்கன வந்து இட்டுட்டு அங்கன ஓடிட்டு. நீங்க வரதுக்குள்ள என்ன அவசரமோ அதுக்கு" என்றாள். முகத்தில் சிரிப்பு கூட இல்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் மில்லைத் தாண்டிக் கால்வாய் ஓரமாகப் போனால் அவள் வீடு. வீடு சிறிது, சுற்றி இருக்கும் இடம் கொஞ்சம் பெரிது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மற்றதெல்லாம் கோழி. கணவர் பூதத்தான் மில்லில் வேலை பார்த்துக் காலமானவர். ஒரே மகள் கலையரசியை அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள்.

கோழிகளுக்கெல்லாம் பஸ் பெயர் வைத்திருக்கிறாள். ஊரெல்லாம் சுற்றுவது 'தென்காசி வண்டி'. எங்கே தானியம் கண்டாலும் நின்றுவிடுவது 'டவுன் பஸ்'. எல்லாம் அடைந்த பிறகு இருட்டுக்கு முன்னால் தனியாக வந்து சேரும் செங்கோழி 'கடைசி வண்டி'. அது வராமல் கூட்டைச் சாத்தமாட்டாள். "ஏ சவமே! டிரைவர் தூங்கிட்டானா?" என்று திட்டிக்கொண்டே நிற்பாள். எங்கள் பக்கத்தில் சவம் என்பது கோபத்துக்கும் வரும், கொஞ்சலுக்கும் வரும். அவள் வாயில் அது பெரும்பாலும் கொஞ்சல்தான்.

அடைவைக்கிற கூடையில் ஓர் இரும்பு ஆணி போடுவாள். இடி இடித்தால் முட்டை கெடாமல் ஆணி காக்குமாம். நான் ஜெபம் பண்ணி அடைவைப்பேன். "ஒங்க சாமியும் எங்க ஆணியும் சேந்தா ஒரு முட்டை கூழையாகாது மைனி" என்பாள்.

வெயில் ஏறினால் தையல். பழஞ்சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓரம் கட்டி, நெல்மணி நீளத்துக்குத் தையல் ஓட்டி விரிப்பு செய்வாள். மில்லில் கழித்த நூலை முறுக்கி ஊசியில் கோப்பாள். அவள் விரிப்பில் படுத்தால் குளிர்ந்த தரையும் சுடாது, சுட்ட தரையும் குளிராது என்று நேசையா சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னதில் ஏதோ தலைகீழாக இருக்கிறது. ஆனால் படுத்துப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றும்.

சேலை எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாபநாசத்தில் இறந்தவர்களுக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள் ஆற்றில் முங்கி எழுந்து, உடுத்திருந்த துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போவார்கள். பீடையும் பாவமும் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. அந்தத் துணி கல்லிடுக்கெல்லாம் சுற்றிக்கொண்டு அழுகிக் கிடக்கும். மாரித்தாய் முழங்கால் தண்ணீரில் நின்று அதை இழுத்துக் கொண்டுவந்து, சோடா போட்டு அவித்து, பாறையில் காயவைப்பாள். லாரிக்காரர்களும் காவல்காரர்களும் அந்த விரிப்பை வாங்குவார்கள். அவர்களிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. "ஆத்துத்துணி வே. தெரிஞ்சு வாங்கும்" என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

ஆற்றுத்துணிக் குவியல் வெளியே சாய்ப்பில் இருக்கும். வீட்டுத்துணி உள்ளே தகரப்பெட்டியில் இருக்கும். இரண்டும் கலந்ததை நான் பார்த்ததில்லை.

"பிள்ளையளுக்கு ஆத்துத்துணிய எடுக்கமாட்டேன் மைனி. எனக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, விட்டுட்டுப் போனவன் எதையோ நெனச்சுத்தான விட்டிருப்பான்?"

ஆனால் வாய் சும்மா இருக்காது. தெருக்குழாயில் ஒருத்தி, "ஏ மாரித்தாயி, சேல பளபளங்கு. எந்தக் கடை?" என்று சீண்டினாள்.

"பாபநாசம் ஜவுளிக்கடை. ஆத்துக்குள்ள இருக்கு. நீயும் வா, பில்லு போடமாட்டான்."

குழாயடியே சிரித்தது. அன்றுமுதல் அவள் எதை உடுத்தினாலும் பாபநாசம் ஜவுளிக்கடைதான். அவளும் ஆமா ஆமா என்று தலையாட்டுவாள். அவள் கட்டியிருந்ததெல்லாம் மகள் எடுத்துக் கொடுத்த சேலைகள்.

கலையரசிக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. ஆண்பிள்ளை. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடக்கூடாது, பழகின துணிதான் மெத்தென்று இருக்கும். பேரனுக்கு ஒரு குட்டி விரிப்பு தைத்தாள் மாரித்தாய். மேலே அவள் கல்யாணச் சுங்குடி. உள்ளே வைக்க வெள்ளையாக ஒரு மெல்லிய துணி வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் திருவிருந்துக்கு உடுத்திப்போன வெள்ளைச் சேலை நைந்துபோயிருந்தது. துவைத்து, மடித்து, பிள்ளைக்காக ஜெபம் பண்ணிக் கொடுத்தேன். அவள் அதை வைத்துத் தைத்ததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அம்பாசமுத்திரத்தில் கொண்டுவிட்டார்கள். விரிப்பும் கூடப் போனது. மார்கழிப் பனியில் பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிள்ளை தங்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டைக் கழுவும்போது சம்பந்தியம்மா அந்த விரிப்பைத் தூக்கி உதறியிருக்கிறாள். ஓரத்தையல் விட்டுப்போய் உள்ளே இருந்த வெள்ளைத்துணி வெளியே தெரிந்திருக்கிறது. அதன் மூலையில் சலவைக்குறி. சேராங்கொட்டை மையில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும். அது அவர்கள் வீட்டுக் குறி இல்லை. மாரித்தாய் வீட்டில் சலவைக்குப் போடுகிற பழக்கமே இல்லை. அப்படியானால் யார் வீட்டுத் துணி? வெள்ளைச்சேலை, ஆற்றுச்சேலை, தாலியறுத்த எவளோ முங்கிவிட்டுப் போன சேலை. இப்படித்தான் சம்பந்தியம்மா மனம் போயிற்று.

அந்தக் குறி எங்கள் வீட்டுக் குறி. நான் பஸ் ஏறிப்போய்ச் சொன்னேன். அதே குறி போட்ட இன்னொரு சேலையையும் கொண்டுபோய்க் காட்டினேன். சம்பந்தியம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க நல்லவுக. அவளுக்காகப் பரிஞ்சு பேசுதிய. பாபநாசம் ஜவுளிக்கடைன்னு ஊரே சிரிச்சுதே, அவளே சொன்னாளே, அது பொய்யா? நீங்க எப்பவும் வாங்க, வேண்டாங்கல. அவ கைபட்டது எதுவும் இந்தப் படி ஏறக்கூடாது."

கலையரசி கதவோரத்தில் நின்றாள். என்னை வழியனுப்ப வந்தபோது மெதுவாகச் சொன்னாள், "அம்மா வேணும்னு செய்யமாட்டா அத்தை. ஆனா தெரியாம ஒரு துணி கலந்திருக்கும்லா?"

நான் ஊர் திரும்பியபோது மாரித்தாய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கலை என்ன சொன்னா மைனி?"

"அழுதா" என்றேன். அதுவும் உண்மைதான். அதற்குமேல் நான் சொல்லவில்லை.

சம்பந்தியம்மா சொன்னது மட்டும் வேறு யார் மூலமோ அவள் காதுக்கு வந்துவிட்டது. படிக்கு வெளியே எறிந்த விரிப்பும் வந்து சேர்ந்தது. அவள் அதைத் தையல் தையலாகப் பிரித்தாள். நூலைக்கூட அறுக்காமல் உருவி எடுத்துச் சுற்றிவைத்தாள். என் வெள்ளைச்சேலையைத் துவைத்து மடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். "இந்தாங்க. ஒங்க துணி ஒண்ணும் செய்யல மைனி" என்றாள். வாங்கி உள்ளே வைத்தேன். அந்தச் சேலையை இன்னும் நான் உடுத்தவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

அதன்பிறகு அவள் ஆற்றுக்குப் போகவில்லை. ஊசியும் எடுக்கவில்லை. சாய்ப்பில் கிடந்த குவியலைக் கறையான் தின்றது. கோழி மட்டும் இருக்கிறது. 'கடைசி வண்டி' தாமதமாக வந்தால் இப்போதும் கூட்டடியில் நிற்கிறாள். ஆனால் சவமே என்று கூப்பிடுவதில்லை. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து போய்விட்டது. வாய் திறக்கிறாள், பிறகு, "வாடியம்மா" என்று மட்டும் சொல்கிறாள். குழாயடியில் யாரும் கேலி பேசுவதில்லை. அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வைகாசியில் கலையரசிக்கு மறுபடியும் பிள்ளை பிறந்தது. பெண். அம்பாசமுத்திரத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தாய்க்குச் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் சபையில் கேள்விப்பட்டு நான்தான் வந்து சொன்னேன். மாரித்தாய் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரைப்போல இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "பால் இருக்கா அவளுக்கு?" என்றாள்.

போன வாரம் நான் பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டேன். வேலியோரம் வந்தபோது அவள் குரல் கேட்டது.

"மைனி, ஒரு நிமிசம் நில்லுங்க. ஒங்க பெட்டிய இங்கன கொண்டாங்க."

வைக்கோலில் 'கடைசி வண்டி'யும் மற்றதும் இட்ட முட்டைகள் கிடந்தன. பிள்ளைபெற்றவளுக்கு நல்லெண்ணெயில் நாட்டுமுட்டை பொரித்துக் கொடுத்தால் இடுப்புக்குப் பலம். நான் எடுக்கக் குனிந்தேன். "பொறுங்க" என்று உள்ளே போய் சிரட்டை அகப்பையைக் கொண்டுவந்தாள்.

பறந்துபோகிற கோழியை எட்டிப் பிடிக்கிற கை அது. அகப்பையை வைக்கோலுக்குள் பைய விட்டு, ஒவ்வொரு முட்டையாக ஏந்தி, என் ஓலைப்பெட்டியில் உருட்டிவிட்டாள். ஒன்று நழுவித் தரையில் உடைந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தாள்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, கரித்துண்டை வேலிக்கல்லின்மேல் வைத்தாள்.

"கோட்ட நீங்க போடுங்க மைனி. ஒங்களுக்குக் குடுத்துட்டேன், இப்ப அது ஒங்க முட்ட. என் கை படல, பாத்தியள்லா? அந்தம்மா கேட்டா தைரியமாச் சொல்லுங்க. ஒங்களுக்குப் பொய் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்லா."