வாலில் இரண்டு எழுத்து

தண்ணீர் நிலையத்தில் என் அக்காவை எல்லோரும் 'ஆபரேட்டர் வீட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பம்பை ஓட்டுவது அவள். ஓடையிலிருந்து வரும் தண்ணீரில் அடைத்துக்கொள்ளும் இலைதழையை வாரிப்போட்டு, வலைகளைத் தேய்த்துக் கழுவுவதும் அவள்தான். ஆனால் பலகையில் ஆபரேட்டர் என்று எழுதியிருப்பது மாமாவின் பெயர். ஒருநாள் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "ரெண்டு நாளைக்கு நீ போய்ப் பாத்துக்கோ" என்று அக்காவை அனுப்பியவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அலுவலகத்துக்கும் விஷயம் தெரியும். தண்ணீர் வந்தால் சரி என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள்.

வீடு மாமா பெயரில். கேஸ் இணைப்பு மாமா பெயரில். அடையாள அட்டையில்கூட அக்காவின் பெயர் ஓர் ஓரமாக நிற்கும், பின்னால் மாமாவின் பெயர் கால் நீட்டிப் படுத்திருக்கும். இதையெல்லாம் நான் சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள். என் வேலையே பெயர் வைப்பதுதான். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவில் இருக்கிறேன்.

பம்ப் அறை வாசலில் ஒரு விளக்கு எரியும். காலையில் அதன் கீழே விழுந்து கிடக்கும் பூச்சிகளைக் கூட்டித் தள்ளுமுன், வித்தியாசமாக ஏதாவது தென்பட்டால் எனக்காக ஒரு பாட்டிலில் போட்டு வைப்பாள். "வீடா இது, பூச்சிக் கூடா?" என்று மாமா இரண்டு பாட்டில்களை ஜன்னல் வழியாக வீசியிருக்கிறார். அதனால் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். மாமா சமையலறைக்குள் கால் வைக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படி வந்ததுதான் அந்த டாப்சன் பூச்சி. தமிழில் இதற்குத் தனிப் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. அக்கா 'கத்தரிக்கோல்' என்றாள். ஆணுக்கு முகத்துக்கு முன்னால் இரண்டு நீளக் கொம்பு மாதிரித் தாடைகள். பார்த்தால் குலை நடுங்கும், ஆனால் கடிக்க உதவாது. பெண்ணுக்குத் தாடை குட்டை, கடித்தால் ரத்தம் வரும். இதை நான் சொன்னபோது அக்கா கூடத்தில் மீசையை முறுக்கிக்கொண்டிருந்த மாமாவை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

இறக்கைப் புள்ளிகள் எங்கள் அலமாரியில் இருந்த எதோடும் ஒத்துப்போகவில்லை. ஆணின் வால் நுனியை வெட்டிக் காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, மிஞ்சிய கொக்கிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இந்த இனங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளம் முகத்தில் இல்லை, வாலில்தான். பழைய விவரிப்புகளை எல்லாம் தோண்டி எடுத்துக் கண் பூத்துப்போகும்வரை ஒப்பிட்டேன். புதுசுதான். சந்தேகமே இல்லை.

அன்று சாயங்காலமே ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரையா வைக்கப்போற? இதுக்கா?"

"நீதானேக்கா பிடிச்ச. வேற யார் பேரை வைக்கிறது?"

"விளையாடாத." கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழிக்க மாட்டாங்களா அப்புறம்?"

"அச்சுல வந்துட்டா உலகம் இருக்கிறவரைக்கும் இருக்கும்."

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பெருமையில் தலைகால் புரியவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் அதில் முதல் ஆப்பை வைத்தார். பூச்சியைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர், ஆனால் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு, அதை ஆய்விதழுக்கு அனுப்புவதும் அவர்தான். "முதல் பேர்லயா? குடும்பப் பேர்லதான்பா வைக்கிறது வழக்கம்" என்றார். அட்டையில் அக்காவின் பின்னால் படுத்திருப்பது மாமாவின் பெயர். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று விழித்தேன். பிறகு விதியை விளக்கினேன். லத்தீன் பெயரின் வாலில் ஆணுக்கு ஓர் எழுத்து, 'ஐ' (i). பெண்ணுக்கு 'ஏ', 'ஈ' (ae) என்று இரண்டு எழுத்து. முன்னால் யார் பெயர் இருந்தாலும், வாலைப் பார்த்தவுடனே இது ஒரு பெண்ணுக்கு வைத்தது என்று உலகத்தில் எந்தப் பூச்சிக்காரனுக்கும் தெரிந்துவிடும்.



"அப்போ அந்த ரெண்டு எழுத்துதான் நானா?"

"ஆமாக்கா."

"எழுதிக் காட்டு."

ஈரத் தரையில் விரலால் எழுதிக் காட்டினேன். அவளும் ஒருமுறை எழுதிப் பார்த்தாள். "போதும்டா. அதாவது இருக்கட்டும்" என்றாள்.

கட்டுரை வந்தது. மாமாதான் போனில் முதலில் பார்த்தார், என் முதுகைத் தட்டிய தட்டில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. "பாத்தியா, பூச்சிக்கு என் பேரு!" என்று தெருவையே கூட்டினார். அக்கா ஈரக் கையோடு வந்து போனை வாங்கினாள். படத்தைப் பார்க்கவில்லை. பெயரின் கடைசிக்குப் போய் நின்றாள்.

"ஒண்ணுதான்டா இருக்கு," என்றாள்.

நேரே தலைவரிடம் போனேன்.

"அதுவா? நீ தப்பா டைப் பண்ணிட்டேன்னு நான்தான் திருத்தினேன். பிடிச்சவர் விவரத்தைச் சரிபார்க்கத் தண்ணி நிலையத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பேர்ல ஆபரேட்டர் இருக்கார், ஆம்பளதான்னு சொன்னாங்களே."

"அது அவங்க வீட்டுக்காரர் சார். பிடிச்சது எங்க அக்கா. திருத்தம் போடுங்க. விதியில இடம் இருக்கு."

"ஒரு எழுத்துக்காகவா? என் மானம் போகவா? விடுப்பா, புருஷன் பொண்டாட்டிதானே, யார் பேரா இருந்தா என்ன?"

நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. நானே அந்த ஆய்விதழுக்கு எழுதினேன். கட்டுரையின் முதன்மை ஆசிரியர் வழியாக வரச் சொன்னார்கள். முதன்மை ஆசிரியர் அவர்தான்.

மாமா அந்த ஆண் பூச்சியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடம் பம்ப் அறை விளக்கடியில் தான் அதைப் பிடித்த கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் பூச்சி ஒரு விரற்கடை நீளும். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சட்டத்தில் தூசி தட்டுவதும் அவள்தான்.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் பம்ப் அறைக்கு வரச் சொன்னாள். பாட்டிலுக்குள் குட்டைத் தாடையோடு ஒரு பெண் பூச்சி. இறக்கையில் புள்ளியே இல்லை, கழுத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பட்டை. அப்படி ஒன்றை நான் எந்த அலமாரியிலும் பார்த்ததில்லை.

"இதுவும் புதுசா?"

"அப்படித்தான்க்கா தெரியுது."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்தாள். மூடியைத் திறந்து கவிழ்த்தாள். பூச்சி அவள் விரலைக் கடித்துவிட்டுப் பறந்தது. அவள் கையை உதறக்கூட இல்லை.

"அக்கா!"

"போகட்டும்டா. அவரு பேரு வைக்க இன்னொண்ணு எதுக்கு?"

ரத்தத்தை ஓடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வலையைத் தேய்க்கப் போய்விட்டாள்.